கழுதை கேட்ட மூன்று கேள்வி

பருத்தித்துறைத் தம்பி ஒருவர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். கதை நடப்பது 2080ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில். உலகம் முழுக்க ஒரே அரசு. வலது கையில் மின்னணுச் சில்லு பதிக்காதவருக்குச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. வேதாகமம் வைத்திருப்பது குற்றம். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி கடைசி வேதாகமத்தைச் சுமந்துகொண்டு பருத்தித்துறையிலிருந்து மடு மாதா கோயில் வரைக்கும் தப்பிப் போகிறாள். துணைக்கு ஒரு நாயும் ஒரு காகமும். இரண்டும் பேசும். பத்து அத்தியாயம் எழுதி நண்பர்களிடம் கொடுத்தால் "பிரசங்கம் கேட்ட மாதிரி இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்களாம். விலங்குகள் பேசலாமா, இப்படி ஒரு கதையைச் சைவ நண்பர்களும் வாசிக்கும்படி எழுத முடியுமா, பிழை எங்கே என்று கேட்டிருக்கிறார்.

அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் மற்றவற்றின் சுருக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை வேதாகமத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிற இடம் வடிவாக வந்திருக்கிறது. எழுதத் தெரிந்த கை. கதையில் கிறிஸ்தவம் கூடிப்போய்விட்டதோ என்று பயப்படுகிறீர்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. உங்கள் நாய்க்கு ஒரு தரம்கூடப் பசிக்கவில்லை, அதுதான் பிழை. மூன்றாம் அத்தியாயத்தில் கொடிகாமத்துச் சென்றியில், அதாவது காவலரணில், ஒருவன் துவக்கோடு நிற்கிறான். பிள்ளை நடுங்குகிறாள். அந்த நேரம் பார்த்து நாய் ரோமர் 8ஆம் அதிகாரத்தை அரைப்பக்கத்துக்கு ஒப்புவிக்கிறது. தம்பி, சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறது என்று சொல்வதே அந்த அதிகாரம்தானே. தவிக்கிற சிருஷ்டி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அதைத் தவிக்க விடாமல் வசனம் சொல்ல வைத்திருக்கிறீர்கள்.

விலங்கு பேசலாம். வேதாகமத்திலேயே பேசியிருக்கிறது. ஆனால் எப்போது, எவ்வளவு, எதைப் பற்றி என்று பாருங்கள்.

எண்ணாகமம் 22ஆம் அதிகாரம். மோவாபின் அரசன் பாலாக், இஸ்ரவேலரைச் சபிப்பதற்காகப் பிலேயாமை வரவழைக்கிறான். பிலேயாம் கழுதையில் ஏறிப் போகிறான். வழியில் உருவின பட்டயத்தோடு கர்த்தருடைய தூதன் நிற்கிறான். தரிசனம் காண்பதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு அது தெரியவில்லை. கழுதைக்குத் தெரிகிறது. முதலில் வயலுக்குள் விலகுகிறது, அடி விழுகிறது. பிறகு திராட்சத்தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் சுவர் உள்ள ஒழுங்கையில் சுவரோடு ஒதுங்கி அவன் காலை நெருக்குகிறது, மறுபடியும் அடி. மூன்றாவது இடத்தில் விலக வழியே இல்லை, அப்படியே படுத்துவிடுகிறது. தடியால் அடி. இவ்வளவுக்கும் பிறகுதான் அதன் வாய் திறக்கப்படுகிறது. திறந்த வாயால் அது கேட்டது மூன்று கேள்வி. மூன்று தரம் அடிக்கும்படி நான் உமக்கு என்ன செய்தேன்? இவ்வளவு காலமும் நீர் ஏறிவந்த கழுதை நான் அல்லவா? இப்படி எப்போதாவது உமக்குச் செய்தது உண்டா? பிலேயாம் "இல்லை" என்கிறான். கழுதையின் வசனம் அத்தோடு முடிந்தது. கடவுள், பாவம், மீட்பு என்று ஒரு சொல்கூட அது சொல்லவில்லை. அடி வாங்கிய ஒரு சீவன் தன்னுடைய முறைப்பாட்டைச் சொன்னது, அவ்வளவுதான். முதல் கேள்விக்குப் பதிலாகப் பிலேயாம் "என் கையில் ஒரு பட்டயம் இருந்தால் உன்னை இப்போதே கொன்றுபோடுவேன்" என்கிறான் பாருங்கள், அந்தப் பட்டயம் அவன் மூக்குக்கு முன்னால்தான் நிற்கிறது. இருபது வருஷமாக ஞாயிறு பாடசாலையில் இந்தக் கதையைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை, "கழுதைக்கு நோகேல்லையா?" என்று கேட்கும்.

உங்கள் கொடிகாமம் காட்சிக்குத் தேவையானது இதுதான். நாய் முதலில் காணட்டும். பிள்ளைக்குத் தெரியாத எதையோ கண்டு அது நடக்க மறுக்கட்டும். அவள் அவசரத்தில் அதை இழுக்கட்டும், ஒரு அடிகூடப் போடட்டும். நல்ல பிள்ளை நாய்க்கு அடிக்க மாட்டாள் என்று நினைக்காதீர்கள். பசியும் பயமும் இருக்கிற நல்ல பிள்ளை அடிப்பாள். அவள் பிறகு அந்தக் கையைப் பார்க்கிற பார்வையில் நீங்கள் அரைப்பக்கத்தில் சொல்ல நினைத்தது வந்துவிடும்.

சரி, அரசுக்கு வருவோம். இந்த வகைக் கதைக்கு மூலநூல் என்று ஒன்று இருந்தால் அது வெளிப்படுத்தின விசேஷம். கத்தோலிக்கர் திருவெளிப்பாடு என்பார்கள். பத்மு தீவில் இருந்த யோவான் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதியது. வலதுகையிலோ நெற்றியிலோ முத்திரை இல்லாதவன் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்ற சட்டம் அதன் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் சில்லும் அங்கிருந்து வந்ததுதான். 1907ல் ராபர்ட் ஹியூ பென்சன் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு, மதம் ஒடுங்கிப்போன ஓர் உலக அரசை நாவலாக எழுதினார். 1959ல் அமெரிக்கரான வால்டர் மில்லர், அணுகுண்டுப் போருக்குப் பிறகு பாலைவன மடம் ஒன்றில் துறவிகள் பழைய தாள்களைக் காப்பாற்றி வைத்திருப்பதை எழுதினார். மில்லர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மொன்தே காசினோ மடத்தின் மேல் குண்டு போட்ட விமானங்களில் பறந்தவர். 1981ல் நூலகம் எரிந்த ஊர்க்காரருக்கு அந்த நாவலின் கனத்தை விளக்கத் தேவையில்லை. இவற்றுக்குப் பின்னால் அமெரிக்காவில் கடைசிக்கால நாவல்கள் வரிசையாக வந்தன. உங்கள் உலக அரசு இந்த வரிசையிலிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது. சீருடை, கண்ணாடிக் கட்டடம், ஒலிபெருக்கியில் தலைவரின் குரல். எல்லாம் இரவல்.

இரவல் வாங்க வேண்டிய தேவை யாழ்ப்பாணத்து ஆளுக்கு ஏன்? வாங்கவும் விற்கவும் முடியாத காலம் எப்படி இருக்கும் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். 1990களில் போர்க்காலத் தடையால் மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு, பஞ்சையும் நூல்திரியையும் வைத்து அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தோம். மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். வெளிக்கிட்டுப் போக ஒரு பாஸ், உள்ளே வர இன்னொரு பாஸ். கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில், ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை என்று ஒரு குரல் விலை கூறும். உலக முடிவைச் சொல்லும் புத்தகம் சங்கக்கடை விலைப்பலகை மாதிரி ஒரு வரியை நடுவில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. உங்கள் நாவலில் அரிசி என்ன விலை? பத்து அத்தியாயத்தில் மூன்றைத்தான் பார்த்தேன், அதில் எங்குமே இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் ஊறி, உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதைத்தான் நாங்கள் இறைத்துக் குடிக்கிறோம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு; நிலாவரைக் கிணறு அதற்குக் கண்முன் சாட்சி. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். 2080ல் எந்தக் கிணறு இன்னும் உவராகவில்லை என்பதை வைத்தே முழு அரசையும் கட்டலாம். ஒலிபெருக்கித் தலைவரைவிடக் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டவன்தான் எங்களுக்குப் பயங்கரமானவன். எந்தக் கிணற்றில் வாய் வைக்கலாம் என்று மனிதனுக்கு முன்னால் தெரிந்துகொள்வது யார்? ஆடும் நாயும். பாருங்கள், நாய்க்கு வேலை வந்துவிட்டது.

இனி, கொஞ்சம் உறுத்துகிற விஷயம். உங்கள் கதையில் துன்பப்படுகிறவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும். துன்பப்படுத்துகிறவர்கள் மற்ற எல்லாரும். சைவ நண்பர்கள் திருப்பித் தந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அவர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். இந்த மண்ணில் அது அப்படி ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. 1544ல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானோரைச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். அது உண்மை. 1619ல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு நடந்ததாகச் சைவர்கள் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. போர்த்துக்கேய அதிகாரியின் சமையலுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து ஒரு பசு கொடுக்க வேண்டும். திருநெல்வேலி ஞானப்பிரகாசருடைய முறை வந்தது. பசுவைக் கொடுக்க மனமில்லாமல் அவர் இரவோடு இரவாக ஊரை விட்டே போய்விட்டார். இந்தியாவில் துறவியாகி, சிதம்பரத்தில் குளம் வெட்டினார். ஞானப்பிரகாசர் குளம் என்று இன்றும் அதற்குப் பெயர். நீங்கள் தேடுகிற கதை இதுதானே. கொடுங்கோல் அரசு, ஒரு விலங்கு, அதற்காக ஊரைத் துறந்த மனிதன். அரசின் பக்கம் சிலுவை இருந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

1658ல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள், சீர்திருத்த சபைக்காரர். அவர்கள் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. பள்ளிக்கூட உபாத்தியாயர்தான் யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் கலியாணம் கட்டினார் என்று தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்து வைத்தார். 1687ல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து, நோயில் விழுந்து எழும்பி, சில்லாலையில் தங்கி இரவிரவாகப் பூசை வைத்தார். 2015 ஜனவரியில் கொழும்பில் வைத்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. தோம்பு வைத்திருக்கிற, வேதாகமம் வாசிக்கிற, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற அரசு ஒன்று வேறொரு விசுவாசியை வேட்டையாடியது இந்த ஊரில்தான். உங்கள் வில்லன் மேசையில் ஒரு வேதாகமம் இருக்கட்டும். அரசு அனுமதித்த பதிப்பு, ஓரத்தில் முத்திரை குத்தியது. அப்போது பிள்ளை சுமப்பது வெறும் புத்தகமாக இருக்காது. இரண்டு புத்தகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வாசகரே தேடத் தொடங்குவார்.

பொய் வேஷத்தையும் விலங்கையும் சேர்த்து ஒருவர் முன்னமே எழுதியிருக்கிறார். சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 1956ல் வந்த கடைசிப் புத்தகத்தில், ஒரு குரங்கு அப்பாவிக் கழுதை ஒன்றுக்குச் சிங்கத்தோலைப் போர்த்தி, இதுதான் கடவுள் என்று காட்டி ஊரை ஆளும். அதனால் உங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. சிங்கத்தையும் விட்டுவிடுங்கள், யாழ்ப்பாணத்தில் சிங்கத்துக்கு வேறு அர்த்தங்கள் வந்து சேரும், தலையிடி.

நமக்குச் சொந்தமான சரக்கு வேறு இருக்கிறது. கூத்துப் பார்க்கிற குடும்பமாக இருந்தால் எஸ்தாக்கியார் நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உரோமைப் படைத்தலைவன் ஒருவன் வேட்டைக்குப் போன இடத்தில், கலைமானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் காண்கிறான். மனம் திரும்புகிறான். பிறகு எல்லாம் போகிறது. பிள்ளைகளில் ஒருவனைச் சிங்கமும் ஒருவனை ஓநாயும் தூக்கிக்கொண்டு போகின்றன. கடைசியில் குடும்பம் ஒன்றுசேர, பேரரசன் தெய்வங்களுக்குப் பலியிடச் சொல்கிறான். மறுத்தவர்களைச் சிங்கங்களுக்கு முன் போட்டால் சிங்கங்கள் தொடவில்லை. அதனால் வெண்கலக் காளை ஒன்றுக்குள் அடைத்து, கீழே நெருப்பு மூட்டிக் கொல்கிறார்கள். உயிருள்ள மிருகம் செய்ய மறுத்த வேலையை வார்த்துச் செய்த மிருகம் செய்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் நாய் உருவத்தில் இயந்திரக் காவலாளிகள் வரப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பாட்டன் இந்தக் காளைதான். தீவுப்பகுதியிலும் மன்னாரிலும் விடிய விடிய ஆடிப் பார்த்த சனத்துக்கு நீங்கள் எழுதுவது புதுவகைக் கதையே இல்லை.

காகத்தை வைத்திருங்கள், ஆனால் அதன் ஏழு பக்கப் பேச்சை வெட்டுங்கள். எலியா கேரீத் ஆற்றண்டையில் ஒளிந்திருந்தபோது காகங்கள் விடியற்காலத்திலும் சாயங்காலத்திலும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. ஆறு வற்றும்வரை அதுதான் சாப்பாடு. லேவியராகமத்தின்படி காகம் அருவருப்பான பறவை என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தீட்டான பறவையின் வாயால் தீர்க்கதரிசி பிழைத்தான். எங்கள் ஊரில் புரட்டாதிச் சனிக்கும் பிதிர் நாட்களுக்கும் சைவ வீடுகளில் முதல் பிடி காகத்துக்கு வைப்பார்கள். அங்கே மனிதன் காகத்துக்கு வைக்கிறான், இங்கே காகம் மனிதனுக்குக் கொண்டுவருகிறது. உங்கள் பிள்ளை பட்டினியாகக் கிடக்கிற இடத்தில், வேலிக்கு அப்பால் சைவக் கிழவி ஒருத்தி ஒளித்து ஒளித்துக் காகத்துக்குச் சோறு வைக்கட்டும். அந்தச் சோறே இவளிடம் வந்து சேரட்டும். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். சைவ நண்பர்களும் வாசிக்க முடியுமா என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இந்தக் காட்சிதான். இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். பேர்சிவல் பாதிரியாருடன் சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850ல் அச்சில் வந்தது. சைவத்தின் காவலர் என்று நாம் கொண்டாடுகிறவர் வசனத்துக்கு வசனம் உட்கார்ந்து சொல் தேடிய ஊர் இது.

நாய் விஷயத்தில் ஒரு சின்ன வேடிக்கை. வேதாகமத்தில் நாய்க்கு நல்ல பெயர் கிடையாது. லாசருவின் பருக்களை நக்கின நாய்கள் கொஞ்சம் இரக்கமாகத் தெரிகின்றன, மற்றபடி ஏச்சுத்தான். வழித்துணையாக வருகிற ஒரே நாய் தோபித்து நூலில் இருக்கிறது. மகன் தோபியா தூரப் பயணம் போகும்போது நாயும் கூடப் போகிறது. திரும்பி வரும்போது கூடவே வருகிறது. பெயர் இல்லை, குரைத்ததாகக்கூட எழுதவில்லை. கூட நடக்கிற வழிகாட்டி வானதூதர் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. நாய்க்குத் தெரிந்திருக்குமோ என்று நான் நினைத்துக்கொள்வேன். இந்த நூல் கத்தோலிக்கரின் விவிலியத்தில் உண்டு, புரட்டஸ்தாந்தரின் வேதாகமத்தில் இல்லை. உங்கள் பிள்ளை மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை என்று முதல் அத்தியாயம் சொல்கிறது. அப்படியென்றால் அவள் சுமக்கிற புத்தகத்தில் இந்த நாய் இல்லை! கிளாலியில் வள்ளத்துக்குக் காத்திருக்கிற இரவில், கத்தோலிக்கக் கிழவர் ஒருவர் நாயைப் பார்த்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லட்டும். கடைசி வேதாகமம் என்று நம்பிச் சுமந்தது முழுசாக இல்லை என்று அவள் அறிகிற இடம் அது. மடுவுக்குப் போக அவளுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். இப்போதைக்கு ஏன் மடு என்று எனக்கு விளங்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் காட்டுக்குள் ஓடியதால் உண்டான கோயில் அது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சொரூபத்தைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். இதெல்லாம் கதைக்குள் வரவேண்டாமா?

விலங்கு கொடுக்கிற விலையைப் பற்றி ஒரு பகுதி சொல்லாமல் விட முடியாது. 1 சாமுவேல் 6ஆம் அதிகாரம். பெலிஸ்தர் கைப்பற்றிய உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். புது வண்டி ஒன்று செய்து, நுகம் பூட்டாத இரண்டு கறவைப் பசுக்களைக் கட்டி, கன்றுகளை வீட்டில் அடைத்துவிடுகிறார்கள். பசுக்கள் கன்றைத் தேடித் திரும்பாமல் போனால் இது கடவுளின் செயல் என்று சோதனை. பசுக்கள் போயின. பெத்ஷிமேசுக்கு நேர்வழியாக, வலமும் இடமும் விலகாமல், கூப்பிட்டுக்கொண்டே போயின. போய்ச் சேர்ந்ததும் வண்டியை விறகாகப் பிளந்து அந்தப் பசுக்களையே தகனபலியாக இட்டார்கள். அற்புதத்தைச் சொல்லிப் பிரசங்கித்தவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கூப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. எழுதினவர் அதை விடாமல் குறித்து வைத்திருக்கிறார்.

எனக்கு அந்த வரி வேறு காரணத்துக்காகக் காதில் நிற்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போர் நெருங்கியதால் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது எனக்கு வயது பதினாறு. மழை. அம்மம்மா பட்டிக்குப் போய்ப் பசுவின் கயிற்றையும் கன்றின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டு, வைக்கோல் போரைச் சரித்துவிட்டு வந்தா. கிணற்றடித் தொட்டியை நிரப்பினா. படலையைத் திறந்தபடி விடச் சொன்னா. பசு பின்னால் வரவில்லை, நின்றபடி கூப்பிட்டது. நாய்தான் வந்தது. செம்மணி வெளியில் சனத்துக்குள் எங்கேயோ தவறிவிட்டது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பட்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் பின்வேலியில் ஒரு நாய் நின்றது. எங்கள் நாய்தான், காதில் அந்த வெட்டு இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பார்த்தது. ஒழுங்கையால் போய்விட்டது. பிறகு அது கட்டாக்காலிகளோடு திரிந்ததை ஊரில் பலர் கண்டிருக்கிறார்கள், எங்கள் வளவுக்குள் மட்டும் திரும்ப வரவில்லை.

உங்கள் பத்தாம் அத்தியாயச் சுருக்கத்தில் நாய் பிள்ளைக்காகக் குண்டு வாங்கிச் செத்து, பிறகு பிரகாசமான ஒளியில் உயிர்த்தெழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் சொந்தக் காயத்திலிருந்து சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வேண்டாம். நாயை இயேசுவாக்க வேண்டாம். யோனாவின் புத்தகம் எப்படி முடிகிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். நினிவேயின் மேல் இரக்கம் காட்டியதற்காகக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யோனாவிடம் கடவுள் கணக்குச் சொல்கிறார்: இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷர், அத்தோடு அநேக மிருகஜீவன்கள். அங்கேயே புத்தகம் முடிந்துவிடுகிறது, ஒரு கேள்வியாக. மிருகங்களைக் கணக்கில் சேர்க்கிற கடவுளைப் பற்றிக் கதை எழுதுகிறவர், அந்த நாயை நாயாகவே கணக்கில் சேர்த்தால் போதும்.

சில்லறைத் திருத்தங்கள். சிறுமியின் நாய்க்கு "ஷாலோம்" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பருத்தித்துறையில் நாய்க்கு ஜிம்மி, மணி, வீரன் என்றுதான் பெயர், 2080 ஆனாலும் மாறப்போவதில்லை. கதை மன்னார்ப் பக்கம் போகிறது, அங்கே தெருவில் நூற்றுக்கணக்கில் திரிகிற கழுதைகளில் ஒன்றையாவது காணாமல் எப்படி வந்தாள்? நெடுந்தீவுக் குதிரைகளை வைத்து ஒரு அத்தியாயம் எழுத ஆசை என்று சொன்னீர்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை, ஆட்சி போன பிறகும் தங்கிவிட்டவை. கதைக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் பருத்தித்துறையிலிருந்து மடுவுக்குப் போகிற பிள்ளை நெடுந்தீவுக்கு எந்த வழியால் போவாள் என்று முதலில் வரைபடத்தைப் பாருங்கள். அடுத்த நாவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் திருத்துங்கள். சென்றி, பசி, நடக்க மறுக்கிற நாய், அடித்த கை. காகம் வாய் திறக்க வேண்டாம், சோறு கொண்டுவருகிறதா இல்லையா என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர்க் காகம்தானே, பருத்தித்துறை வடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.